கீழவைப்பார்க் கடலில் ஒரு மடக்குக் கத்தி

கோவை ரயில் நிலைய வாசலில் பைகளைச் சோதிக்கும் இயந்திரத்துக்குள் என் பெட்டி போனதும், திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் காவலர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். உள்ளே என்ன என்று கேட்டார். கத்தி என்றேன். எத்தனை என்றார். பதினொன்று என்றேன். ஐம்பத்தெட்டு வயது, பருத்திச் சேலை, மூக்குக் கண்ணாடி, கையில் இட்லிப் பொட்டலம். இப்படி ஒருத்தி பதினொரு கத்தியோடு எங்கே கிளம்பிவிட்டாள் என்று அவர் முகமே கேட்டது.

பெட்டியைத் திறந்து காட்டினேன். எல்லாம் மடக்குக் கத்திகள், மூடினால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். நான் இவற்றைச் சேர்க்கிறவள், பாலிடெக்னிக்கில் உலோகப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் என்று அடையாள அட்டையையும் நீட்டினேன். எதற்கு மேடம் இத்தனை என்றார். இருபத்தைந்து வருடமாக என் சொந்தக்காரர்கள் கேட்கிற கேள்வி அது. அவர்களுக்கே பதில் சொன்னதில்லை, இவருக்கு என்ன சொல்ல? மேலதிகாரி வந்து ஒவ்வொன்றையும் விரித்து அளந்து பார்த்து, பெட்டியைப் பூட்டிச் சாவியைக் கைப்பைக்குள் போடச் சொல்லி அனுப்பினார். வண்டி நகரத் தொடங்கிய பிறகுதான் ஏறினேன். மணியாச்சி வரைக்கும் பெட்டியைக் காலுக்கடியிலேயே வைத்திருந்தேன்.

போன காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். மடக்குக் கத்தி சேர்க்கிற பைத்தியங்கள் நாற்பது பேர் கைபேசியில் ஒரு குழுவாக இருக்கிறோம். அங்கே அன்றாடம் ஒரே சண்டைதான்: நம் நாட்டில் செய்ததா, வெளிநாட்டில் செய்ததா, எது கத்தி? நம் நாட்டுக் கட்சிக்கு வாய் நான். எதிர்க்கட்சிக்கு வாய் தூத்துக்குடி பெர்னாந்து அண்ணாச்சி. கப்பல்களுக்குக் கயிறு, பெயின்ட், விளக்கு என்று சாமான் கொடுக்கிற வியாபாரம் அவருக்கு. வாய்ச்சண்டை போதும், ஒன்றைச் செய்து காட்டுங்கள் என்று அவர் ஒரு நாள் சீண்டினார். சும்மா விடுவேனா? நானே வரைந்து கொடுத்து, கோவைப் பட்டறை ஒன்றில் இரண்டு கத்திகள் அடித்து வாங்கினேன். ஒன்று என்னிடம். இன்னொன்றை அண்ணாச்சிக்கு அனுப்பினேன். அவர் அதைக் கீழவைப்பாரில் சங்கு குளிக்கிற கிங்ஸ்டன் என்பவரிடம் கொடுத்தார். கடல் தீர்ப்புச் சொல்லட்டும் என்று பேச்சு.

சங்கு குளிக்கிறவருக்குக் கத்தி அலங்காரப் பொருள் இல்லை. கடலடியில் அறுந்து கிடக்கும் நைலான் வலையில் கை மாட்டினால், அறுத்துக்கொண்டு மேலே வர அது ஒன்றுதான் வழி. பத்து மாதமாகக் கிங்ஸ்டனிடம் கேட்ட போதெல்லாம் 'நல்லா இருக்கு' என்றே பதில் வந்தது. அதை நம்பி அதே மாதிரியில் இன்னும் ஐம்பது கத்திகள் செய்யப் பட்டறை தயாராகிவிட்டது. அதற்கு முன் கடலில் அது எப்படி வேலை செய்கிறது என்று என் கண்ணால் பார்க்கப் போனேன். பெருமையடித்துக்கொள்ளப் போனேன் என்பதுதான் உண்மை.

வியாழக்கிழமை மதியம் அண்ணாச்சி கடை. பழைய துறைமுகத்துப் பக்கம், உப்புக் காற்று முகத்தில் பிசுபிசுவென்று ஒட்டுகிற தெரு. நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. குழுவில் என்னை வறுத்தெடுக்கிறவர் நேரில் மக்ரூனும் டீயும் வாங்கி வைத்துவிட்டு, "நாசரேத்துக்காரவியன்னு சொல்லவே இல்லையே டீச்சர்" என்று குறைப்பட்டுக்கொண்டார். இந்தப் பக்கத்து ஊரில் பிறந்ததைச் சொல்லாமல் கோவைக்காரி மாதிரி நடித்துவிட்டேனாம்.

அவருடைய கத்திகளை ஒவ்வொன்றாக எடுத்தார். ஜெர்மனி, ஜப்பான், இங்கிலாந்து. கப்பல்காரர்களிடம் வாங்கியவை. நான் கையை நீட்டினால் கொடுக்க மாட்டார். மேசைமேல் வைப்பார், நான் எடுத்துக்கொள்ள வேண்டும். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் உறவு அறுந்துபோகும் என்பது எங்கள் வீட்டிலும் உண்டுதான். ஆனால் அவர் அதை வேதவாக்காக வைத்திருந்தார். "சண்டை போடுவோம் டீச்சர், அறுத்துக்கிட வேண்டாம்" என்றார்.

சண்டை போட்டோம். நம் ஆட்கள் செய்கிற கத்தியில் அலகு ஆடும், ஆணி துருப்பிடிக்கும், நாளுக்கு ஒரு அளவு வைப்பார்கள் என்றார் அவர். அவர் ஜெர்மனி என்று கும்பிட்டு வைத்திருந்த ஒன்றை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். அலகின் அடியில் பொடி எழுத்தில் வேறொரு நாட்டின் பெயர் இருந்தது. பூதக்கண்ணாடி கொண்டுவந்து பார்த்துவிட்டு, மனிதர் ஒரு மக்ரூனை முழுதாக வாயில் போட்டுக்கொண்டார்.

அந்த நேரத்தில் பிலிப்பைன்ஸ் நாட்டு மாலுமி ஒருவன் கையுறை வாங்க வந்தான். கையுறைக் கட்டைப் பிரிக்க இடுப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பிடிக் கத்தியை எடுத்தான். மலிவான சீனச் சாமான், அலகில் பெரிய ஓட்டை. தோளில் ஒரு கயிற்றுச் சுருள் மாட்டியிருந்தது. அதை இடது கையால் பிடித்தபடியே, வலது கட்டைவிரலை ஓட்டையில் கொடுத்து ஒரே தள்ளில் விரித்தான். எங்கள் சண்டையைப் பற்றி அண்ணாச்சி அவனிடம் ஆங்கிலத்தில் சொல்ல, அவன் சிரித்தான். கப்பலில் ஒரு கை எப்போதும் எதையாவது பிடித்துக்கொண்டிருக்கும், மிச்சம் இருக்கிற கைக்குத்தான் கத்தி, எந்த நாடு என்று யார் பார்க்கிறார்கள் என்றான்.

அவன் போனதும் நானும் அண்ணாச்சியும் முதன்முறையாக ஒரே கட்சியில் சேர்ந்தோம். அலகில் ஓட்டை போட்ட கத்தியும் ஒரு கத்தியா? நல்ல கத்திக்கு நகக்குழிதான் அழகு. அலகின் மேற்பக்கம் பிறை மாதிரி ஒரு சின்னப் பள்ளம் இருக்கும், அதில் நகத்தைக் கொடுத்து இழுத்தால் அலகு 'டக்'கென்று வெளியே வந்து நிற்கும். என் கத்தியிலும் அதுதான் வைத்திருந்தேன். அந்தச் சத்தம் சரியாக வர வேண்டும், ஸ்பிரிங்கை இன்னும் விறைப்பாக்குங்கள் என்று பட்டறைக்காரரிடம் மூன்று தடவை மல்லுக்கு நின்றவள் நான். இரவு பொரிச்ச பரோட்டா சாப்பிடும்போதுகூட அந்த ஓட்டைக் கத்தியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

வெள்ளிக்கிழமை கீழவைப்பார். அண்ணாச்சி ஏற்பாடு செய்த வேன் உப்பளங்களுக்கு நடுவில் டயர் வெடித்து நின்றது. மாற்று டயரிலும் காற்று இல்லை. ஓட்டுநர் இன்னொரு வண்டியில் தொற்றிக்கொண்டு பஞ்சர் கடைக்குப் போய்விட்டார். ஒரு மர நிழல் கிடையாது. இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல். கோவையில் இந்நேரம் மின்விசிறிக்கே சால்வை தேடுவேன். இங்கே கண்ணைத் திறக்க முடியவில்லை. அண்ணாச்சி செருமிக்கொண்டு, கிங்ஸ்டன் ரொம்ப மரியாதைக்காரன் டீச்சர், எதைக் கேட்டாலும் நல்லா இருக்கு என்றுதான் சொல்லுவான், பார்த்துக்கிடுங்க என்றார். தோற்கப் போகிறவர் இப்போதே சாக்குத் தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கிங்ஸ்டன் வீடு கோயிலுக்குப் பின்னால். முப்பத்தைந்து வயது இருக்கும், அகன்ற தோள், பேச்சு குறைவு. அவர் மனைவி ஜெனிபா கலர் சோடா வாங்கிவந்து கொடுத்துவிட்டு, உள்ளே போய் என் கத்தியை ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். தட்டோடு மேசைமேல் வைத்தாள். எடுத்து விரித்தேன். ஒரு பொட்டுத் துரு இல்லை. ஒரு கீறல் இல்லை. பிடிக்குள்ளிருந்து நான் போட்டுவிட்ட எண்ணெயின் வாசனைகூட இலேசாக வந்தது. பத்து மாதம் கடல் தண்ணீரில் கிடந்த கத்தியில் எண்ணெய் வாசனை எப்படி வரும்? உலோகப் பாடம் நடத்தியவளுக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. அண்ணாச்சியைப் பார்த்து, இப்போது சொல்லுங்கள் என்றேன். அவர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். நான் உடனே படம் எடுத்துக் குழுவில் போட்டேன்.

அன்றைக்கு அண்ணாச்சியின் அக்கா வீட்டில் தங்கினோம். சனிக்கிழமை விடிந்ததும் கரைக்குப் போனால், ஃபைபர் படகில் பொம்பளையை ஏற்றுவதா என்று பக்கத்துப் படகிலிருந்து ஒருவர் முணுமுணுத்தது காதில் விழுந்தது. கிங்ஸ்டன் கேளாதது போல எனக்குக் கை கொடுத்து ஏற்றினார். ஜெனிபாவின் தம்பி சேவியரும் கூடக் குளிக்கிறவர். எஞ்சினைப் பிடிக்க ஒரு படகோட்டி. நாங்கள் இருவரும் சேர்த்து ஐந்து பேர்.

கிங்ஸ்டனின் கெண்டைக்காலில் ரப்பர் பட்டையால் ஒரு சூரிக்கத்தி கட்டியிருந்தது. பழைய அரத்தைத் தேய்த்துச் செய்தது, மடங்காது, துருவேறிப் பார்க்கவே அவலட்சணமாக இருந்தது. நான் பார்ப்பதைக் கவனித்ததும் குனிந்து அதை அவிழ்த்துக் கரையில் நின்ற ஜெனிபாவின் காலடி மணலில் வைத்தார். என் கத்தியை இடுப்புப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"டீச்சர் வந்திருக்காவ. அவிய கத்தியோடதான் இறங்கணும்."

இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். ஜெனிபாகூட என் முகத்தைத்தான் பார்த்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதைப் பார்க்கத்தானே வந்தேன்" என்றேன். இந்த வாயைத் தைத்துப் போட வேண்டும்.

ஒன்றரை மணி நேர ஓட்டம். எட்டுப் பாகம் ஆழம் என்று படகோட்டி நங்கூரம் போட்டார். இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம். எட்டாள் உயரத்துக்குத் தண்ணீர். கிங்ஸ்டனும் சேவியரும் முதுகில் காற்று சிலிண்டரை மாட்டி, குழாயை வாயில் கடித்துக்கொண்டு, நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு இறங்கினார்கள். தண்ணீருக்கு மேல் குமிழிகள் இரண்டு தடமாகப் பிரிந்து போயின. குமிழி போகிற பக்கம் ஆள் போகிறான் என்று அர்த்தம்.

படகு பக்கவாட்டில் ஆட ஆரம்பித்தது. நான் நடுப்பலகையை இறுக்கிப் பிடித்திருந்தேன். அண்ணாச்சிக்குப் பசி. அக்கா வீட்டில் கட்டிக் கொடுத்த பொட்டலத்தின் சணல் அவிழவில்லை. என்னிடமிருந்த இன்னொரு கத்தியைக் கேட்டார். பலகைமேல் வைத்தேன், எடுத்துக்கொண்டார். இடது கையால் படகின் விளிம்பைப் பிடித்தபடி வலது கையால் விரிக்கப் பார்த்தார். கட்டைவிரல் நகம் வழுக்கியது. தொடையில் அழுத்திப் பார்த்தார். ம்ஹூம்.

"ஒத்தக் கையால திறக்க மாட்டேங்கு டீச்சர்."

அந்தக் கையை விட்டுவிட்டு இரண்டு கையாலும் திறங்கள் அண்ணாச்சி, இது கூடவா தெரியாது என்று சிரித்தேன்.

"விட்டா கடல்லதான் கிடப்பேன்" என்றார் அவர்.

என் சிரிப்பு பாதியில் நின்றது. அவருக்கும் அதே நேரத்தில் உறைத்திருக்க வேண்டும், கத்தியை அப்படியே பலகைமேல் வைத்துவிட்டார். நான் எடுத்தேன். என் விரல்கள் ஏற்கெனவே தண்ணீரில் நனைந்து ஊறியிருந்தன. ஒரு கையால் நகத்தைக் கொடுத்து இழுத்தேன், நகம் மடங்கியது. சேலையில் துடைத்துவிட்டு இழுத்தேன். முழங்காலுக்கிடையில் பிடியை வைத்துக்கொண்டு இழுத்தேன். ஸ்பிரிங் அசையவில்லை. நான் சண்டை போட்டு வாங்கிய விறைப்பாயிற்றே, எப்படி அசையும்? கீழே இறங்கியவர் கையுறை வேறு போட்டிருந்தார். வலையில் மாட்டுகிறவனுக்கு மாட்டுவதே ஒரு கைதானே. மிச்சமிருக்கிற கையால் இதை எப்படித் திறப்பான்?

மேலே கூப்பிடுங்கள் என்று படகோட்டியிடம் சொன்னேன். என்ன காரணம் என்று கேட்டார். கத்தி சரியில்லை என்றேன். பத்து மாதமாக நல்ல கத்தி என்றுதானே பேச்சு, இப்போது என்ன ஆகிவிட்டது என்று அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் தண்ணீரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கிங்ஸ்டன் இங்கனயே நிக்கானே" என்றார்.

ஒரு குமிழித் தடம் தூரத்தில் நகர்ந்துகொண்டிருந்தது. இன்னொன்று ஒரே இடத்தில் கொப்பளித்துக்கொண்டிருந்தது. படகோட்டி இரும்புக் கம்பி ஒன்றைத் தண்ணீருக்குள் பாதி விட்டு ஸ்பேனரால் அடித்தார். மூன்று அடி, நிறுத்தி மூன்று அடி. தண்ணீருக்குள் அந்தச் சத்தம் நெடுந்தூரம் போகுமாம். சேவியர் தலை மேலே வந்தது. கையைக் காட்டியதும் ஒரு வார்த்தை கேட்காமல் அந்தக் குமிழியை நோக்கி நீந்தி மூழ்கினார்.

அவர் போய்ச் சேர்வதற்குள் அந்த இடத்தில் ஒரேயடியாகக் குமிழி பொங்கியது, உலைப்பானை பொங்குகிற மாதிரி. படகோட்டி "குழாய விட்டுட்டான்" என்றார். சொல்லிவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணாச்சி ஜெபமாலையை எடுத்துவிட்டார். எனக்கு ஜெபம் ஒன்றும் வரவில்லை. என் கையில் மூடிய கத்தி இருந்தது, அதை ஒற்றைக் கையால் திறக்க இழுத்துக்கொண்டே இருந்தேன். நான் திறந்துவிட்டால் அவரும் திறந்துவிடுவார் என்பது போல. நகம் சதையோடு கிழிந்ததைக் கரைக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்.

இரண்டு தலைகளும் ஒன்றாக மேலே வந்தன. கிங்ஸ்டனின் உதடு, தாடை எல்லாம் ரத்தம். இடது மணிக்கட்டில் பச்சை நைலான் வலை சுற்றியபடியே இருந்தது. வலது கையில் என் கத்தி, விரிந்த நிலையில். இழுத்துப் படகில் போட்டதும் தண்ணீரைக் கக்கினார். முன்பல் ஒன்று பாதியைக் காணோம்.

இடது கை வலையில் மாட்டியதும் கத்தியை எடுத்திருக்கிறார். ஒரு கையால் திறக்கவில்லை. பல்லால் கடித்துத் திறக்கலாம், ஆனால் வாயில் காற்றுக் குழாய். குழாயைத் துப்பிவிட்டு நகக்குழியைப் பல்லால் கடித்துப் பிடியை இழுத்திருக்கிறார். முதல் தடவை வழுக்கிவிட்டது. இரண்டாம் தடவை பாதிப் பல்லும் வந்தது, அலகும் வந்தது. சேவியர் போனபோது கடைசி இழையை அறுத்துக்கொண்டிருந்தாராம். இதையெல்லாம் அவரிடம் கேட்டுச் சேவியர்தான் சொன்னார். கிங்ஸ்டன் வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னது இவ்வளவுதான்:

"வெட்டு நல்லா இருக்கு டீச்சர். திறக்கத்தான் இன்னொரு கை வேணும்."

அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை. அழுதுவிட்டேன். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கரையிலிருந்து அதே வேனில் தூத்துக்குடி பல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஜெனிபா முன்சீட்டில், திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். என் கைபேசி விடாமல் துடித்தது. குழுவில் நாற்பது பேரும் முடிவு கேட்கிறார்கள்: நம் நாடா, வெளிநாடா? அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "என் ஜெர்மனிக் கத்தியையும் ஒத்தக் கையால திறக்க முடியாது டீச்சர். அந்தக் கப்பல்காரப் பயலோட ஓட்டைக் கத்திதான்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அவருக்கும் ஜெயித்த மாதிரி இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்று பட்டறைக்காரருக்குப் பேசினேன். ஐம்பதையும் நிறுத்துங்கள் என்றேன். அலகுகள் வெட்டியாகிவிட்டதே என்றார். ஒவ்வொன்றிலும் கட்டைவிரல் போகிற ஓட்டை போடுங்கள், ஸ்பிரிங்கைத் தளர்த்துங்கள் என்றேன். சத்தம் போய்விடுமே மேடம் என்றார். போகட்டும் என்றேன்.

ஞாயிறு யாரும் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்து சாப்பிட வரும்படி ஜெனிபா சேவியரிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். வேண்டாம் என்று சொல்ல முகம் இல்லை, போக மனமும் இல்லை. போனேன். பாறை மீன் குழம்பு, இறால் வறுவல், வெள்ளைச் சோறு. கிங்ஸ்டனுக்கு மட்டும் கஞ்சி. வீங்கிய உதட்டோடு அவர் கரண்டியால் மெதுவாக ஊற்றிக்கொண்டிருந்தார். ஜெனிபா எனக்குக் கேட்டுக் கேட்டுப் பரிமாறினாள். ஒரு சுடுசொல் இல்லை. நான் மீனின் முள்ளை எடுத்துக்கொண்டே இருந்தேன்.

கை கழுவிவிட்டு வந்ததும், என்னை மன்னித்துவிடு ஜெனிபா என்றேன். அவள் அலமாரியைத் திறந்து கத்தியை எடுத்தாள். கழுவித் துடைத்து மடக்கி வைத்திருந்தாள்.

"இத்தன மாசமும் இது இங்கனதான் இருந்துச்சு டீச்சர். நல்ல சாமான், உப்புத் தண்ணி பட்டா வீணாயிரும்னு கடலுக்கே கொண்டு போகல. நீங்க வாரீயன்னுதான் நேத்து எடுத்தாவ."

கிங்ஸ்டன் கஞ்சியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அண்ணாச்சி எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். நான் மேசையைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை அவள் கத்தி வைத்துக் கொண்டுவந்த எவர்சில்வர் தட்டு அங்கேதான் இருந்தது, அவள் கைக்கெட்டும் தூரத்தில்.

அவள் தட்டை எடுக்கவில்லை. என் அருகில் வந்தாள். என் வலது கையைப் பிடித்து நிமிர்த்தி, உள்ளங்கையில் கத்தியை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

"கொண்டு போங்க டீச்சர்" என்றாள்.

வாங்கிக்கொண்டேன். வாங்காமல் என்ன செய்ய?